அழைப்பா, உரிமையா? அல்தியா கிப்சனின் டென்னிஸ் வாழ்க்கை

அல்தியா கிப்சன் (1927–2003) கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். ஆண்களிலும் பெண்களிலும் அவருக்கு முன்னர் எவரும் அந்த இடத்தை எட்டியதில்லை. 1956இல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப், 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன், அதே இரு ஆண்டுகளிலும் அமெரிக்கத் தேசிய சாம்பியன்ஷிப் என ஐந்து ஒற்றையர் பட்டங்கள் அவருடையவை. இரட்டையர், கலப்பு இரட்டையர் பட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 11.

விளையாட்டு வரலாற்று நூல்கள் இந்தச் செய்தியைச் சொல்லி, ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற அடைமொழியைச் சூட்டி, அடுத்தவரை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. முதலாமவரைக் கொண்டாடும் வேகத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: அவருக்கு முன் ஏன் ஒருவரும் இல்லை? அந்தக் கேள்விக்குரிய விடை கிப்சனின் திறமையில் இல்லை. டென்னிஸ் நடத்தப்பட்ட முறையில் இருக்கிறது. கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று போட்டி விதிகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. அழைக்கப்பட்டவரே ஆடலாம் என்பதே நடைமுறை. அழைக்கும் அதிகாரமோ வெள்ளையர் மட்டும் உறுப்பினராக இருந்த தனியார் கழகங்களிடம் இருந்தது. கிப்சன் தம் வாழ்நாள் முழுவதும் அழைப்பின் வழியாகவே உள்ளே சென்றார். அழைப்பு ஒருபோதும் உரிமையாக மாறவில்லை என்பதே அவருடைய வரலாறு நமக்குத் தரும் பாடம்.

கிளாரெண்டனிலிருந்து ஹார்லெமுக்கு

1927 ஆகஸ்ட் 25 அன்று தென் கரோலினா மாநிலத்தின் கிளாரெண்டன் மாவட்டத்தில் சில்வர் என்னும் சிற்றூரில் கிப்சன் பிறந்தார். பெற்றோர் டேனியலும் ஆனியும் பருத்தி நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். நிலம் வேறொருவருடையது, விளைச்சலில் ஒரு பங்கு மட்டுமே உழைத்தவர்களுக்கு. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்களை மண்ணோடும் கடனோடும் கட்டிவைத்திருந்த ஏற்பாடு அது. விளைச்சல் பொய்த்து, பொருளாதாரப் பெருமந்தமும் சூழ்ந்த நிலையில், 1930இல் அக்குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அவர்கள் விட்டுச்சென்ற அதே கிளாரெண்டன் மாவட்டத்தில்தான், தம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் 1940களின் பிற்பகுதியில் கோரிக்கை எழுப்பினர். அது ‘பிரிக்ஸ் எதிர் எலியட்’ என்னும் வழக்காக வளர்ந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘பிரவுன்’ வழக்கில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று அது. கிப்சன் குடும்பம் எத்தகைய இடத்திலிருந்து வெளியேறியது என்பதை இவ்வழக்கே சொல்லும்.

ஹார்லெமில் அவர்களின் வீடு 143ஆம் தெருவில் இருந்தது. பகல் வேளைகளில் வண்டிகளை நிறுத்திவைத்து, பிள்ளைகள் விளையாடுவதற்காகக் காவல்துறை விளையாட்டு மன்றம் ஒதுக்கிய தெருக்களில் அதுவும் ஒன்று. குட்டையான மரமட்டையால் ஆடும் பேடில் டென்னிஸை அங்கேதான் அவர் பழகினார். 12 வயதில், 1939இல், நியூயார்க் நகரின் பெண்கள் பேடில் டென்னிஸ் பட்டத்தை வென்றார். பள்ளிக்குப் போவதைவிடத் தெருவில் சுற்றுவதையே விரும்பிய, வீட்டில் தந்தையின் அடிக்கு அஞ்சிய சிறுமி அவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சில காலம் நலத்துறையின் உதவியில் வாழ்ந்தார்.

பட்டி வாக்கர் என்ற இசைக்குழுத் தலைவர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு முதல் டென்னிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் பணம் திரட்டி, ஹார்லெமின் காஸ்மாபாலிட்டன் டென்னிஸ் கழகத்தில் அவரைச் சேர்த்தனர். அங்கு அவருக்குப் பயிற்சியளித்தவர் ஒற்றைக் கையரான பிரெட் ஜான்சன். கிப்சனின் வாழ்க்கையில் முதலில் திறந்த கதவுகள் அனைத்தையும் திறந்தவை கறுப்பினக் கைகள் என்பது கவனிக்கத்தக்கது.

தனிச் சங்கம் ஏன் இருந்தது?

1916இல் வாஷிங்டனில் அமெரிக்க டென்னிஸ் சங்கம் தொடங்கப்பட்டது. பெயரைக் கண்டு இதைத் தேசிய அமைப்பு என்று கருதிவிடக் கூடாது. வெள்ளையரின் அமைப்பான அமெரிக்கப் புல்தரை டென்னிஸ் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காரணத்தால், கறுப்பின மருத்துவர்களும் ஆசிரியர்களும் வணிகர்களும் தாமே உருவாக்கிக்கொண்ட சங்கம் அது.

1929இல் ரெஜினால்ட் வெயர், ஜெரால்டு நார்மன் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் தேசிய இளையோர் உள்ளரங்கப் போட்டிக்கு விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டனர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியது. கறுப்பினத்தவரின் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பதே தம் கொள்கை, இது அந்த இனத்தை இழிவுபடுத்துவது ஆகாது, இரு தனிச் சங்கங்கள் இருப்பதே நடைமுறைக்கு உகந்தது என்ற பொருளில் புல்தரைச் சங்கம் மறுமொழி அளித்தது. ‘பிளெஸ்ஸி எதிர் பெர்குசன்’ வழக்கில் 1896இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ‘தனியே, ஆயினும் சமமாக’ என்ற கோட்பாட்டின் டென்னிஸ் வடிவம் இது. ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் இடத்தைக் கட்டிக்கொண்டால், அந்த இடமே அவர்களை மேலும் ஒதுக்குவதற்கான சான்றாகக் காட்டப்படும் என்பதற்கு இம்மறுமொழி நல்ல எடுத்துக்காட்டு.

அந்தத் தனிச் சங்கத்தின் சிறுமியர் தேசியப் பட்டத்தை 1944, 1945 ஆண்டுகளில் கிப்சன் வென்றார். 1946இல் மகளிர் இறுதிப் போட்டியில் தோற்றார். 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் மகளிர் பட்டம் அவரிடமே இருந்தது.

இரு மருத்துவர்களின் வீடு

1946இல் தோற்ற அந்த இறுதிப் போட்டியே அவருடைய வாழ்வைத் திருப்பியது. வட கரோலினாவின் வில்மிங்டனைச் சேர்ந்த மருத்துவர் ஹூபர்ட் ஈட்டனும், வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் வால்டர் ஜான்சனும் அப்போட்டியைக் கண்டனர். வெள்ளையரின் போட்டிகளுக்குள் ஒருநாள் நுழையக்கூடியவர் இவர் என்று இருவரும் முடிவு செய்தனர். பள்ளி நாள்களில் ஈட்டனின் இல்லம், கோடையில் ஜான்சனுடன் பயணம், விட்ட படிப்பைத் தொடர்வது என்பது ஏற்பாடு. பின்னாளில் ஆர்தர் ஆஷை வளர்த்தெடுத்தவரும் இதே ஜான்சன்தான்.

தெற்கு நோக்கிச் செல்ல கிப்சன் தயங்கினார்; அவருக்கு நட்பான குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் போகுமாறு அறிவுறுத்தினார். வில்மிங்டனில் பேருந்தின் பின்பகுதியில்தான் அமர வேண்டும். திரையரங்கில் தனி இருக்கை. ஈட்டன் தம் வீட்டு வளாகத்திலேயே டென்னிஸ் தளம் அமைத்திருந்ததால் அவருக்குப் பயிற்சி கிடைத்தது. நகரின் பொதுத் தளங்களில் அந்த வாய்ப்பு இல்லை. 1949இல் பள்ளிப் படிப்பை முடித்து, கறுப்பினத்தவருக்கான ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார்; 1953இல் பட்டம் பெற்றார்.

எழுதப்படாத தடை: 1950

ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடைபெறும் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆட வேண்டுமானால், அதற்கு முன்னர் கிழக்குக் கடற்கரையில் நடக்கும் புல்தரைப் போட்டிகளில் ஆடித் தகுதியை நிறுவியிருக்க வேண்டும். அப்போட்டிகளை நடத்தியவை தனியார் கழகங்கள். கழகம் அழைத்தால்தான் ஆடலாம். கறுப்பினத்தவரைக் கழகங்கள் அழைப்பதில்லை. ஆகவே தகுதியை நிறுவ வழியில்லை. தகுதி நிறுவப்படாததால் தேசியப் போட்டிக்கு அழைப்பும் இல்லை. இந்த வட்டத்தில் எந்த ஒரு புள்ளியிலும் ‘நிறம்’ என்ற சொல் வருவதில்லை. விதியைப் படித்துப் பார்க்கும் ஒருவர் அதில் குறை காண முடியாது. சட்டத் துறையில் பணியாற்றுவோர் நன்கறிந்த முறை இது: நடுநிலையான சொற்களில் எழுதப்பட்ட நிபந்தனை, நடைமுறையில் ஒரு பிரிவினரை மட்டும் வெளியே நிறுத்துகிறது.

1950 ஜூலையில், நான்கு முறை அமெரிக்கப் பட்டம் வென்றவரான ஆலிஸ் மார்பிள், ‘அமெரிக்கன் லான் டென்னிஸ்’ இதழில் ஒரு திறந்த மடல் எழுதினார். கிப்சனுக்கு அழைப்பு வராது என்று சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தம்மிடம் கூறியதையும், அதற்குச் சொல்லப்பட்ட ‘தகுதி’க் காரணத்தையும் அவர் வெளிப்படையாக எடுத்துவைத்தார். டென்னிஸ் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் உரிய விளையாட்டு என்றால், அவ்வாறு நடந்துகொள்ள வேண்டிய நேரம் இது என்பதே அவர் வாதத்தின் சாரம். மார்பிள் 1944இலேயே ஹார்லெமின் காஸ்மாபாலிட்டன் கழகத்துக்கு வந்து காட்சி ஆட்டம் ஆடியவர். அன்று பார்வையாளர்களில் கிப்சனும் ஒருவர்.

அம்மடலுக்கு உரிய மதிப்பை அளிக்க வேண்டும். ஆயினும் அது ஒன்றே கதவைத் திறந்தது என்று எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மடல் வெளிவருமுன்பே கறுப்பினச் சங்கத்தினர் புல்தரைச் சங்கத்துடன் பேச்சு நடத்தி, 1949, 1950 ஆண்டுகளின் உள்ளரங்கப் போட்டிகளில் கிப்சனை ஆடவைத்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் நடத்திய போட்டிகள் இல்லையெனில், மார்பிள் எழுதுவதற்கே ஓர் ஆட்டக்காரர் இருந்திருக்க மாட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் கிப்சன் ஃபாரஸ்ட் ஹில்ஸில் களமிறங்கினார். முதல் சுற்றில் பார்பரா நாப்பை 6-2, 6-2 என வென்றார். இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் அவ்வாண்டின் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரௌ. முதல் செட்டை 1-6 என இழந்த கிப்சன், இரண்டாவதை 6-3 எனக் கைப்பற்றி, மூன்றாவதில் 7-6 என முன்னிலை பெற்றார். அந்நேரத்தில் இடியும் மழையும் சூழ்ந்து ஆட்டம் நின்றது. அரங்கின் மேலிருந்த கழுகுச் சிலை ஒன்று மின்னல் தாக்கி விழுந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது பிரௌ தொடர்ந்து மூன்று கேம்களை வென்று 9-7 என முடித்தார்.

அரசின் தூதர்

1951இல் விம்பிள்டனில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். எனினும் அடுத்த சில ஆண்டுகள் தேக்கத்தில் கழிந்தன. மிசௌரி மாநிலத்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்தார். டென்னிஸைக் கைவிட்டு இராணுவத்தின் மகளிர் பிரிவில் சேரலாம் என்று எண்ணினார்.

அந்நிலையில் 1955இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் மூன்று வெள்ளை ஆட்டக்காரர்களுடன் அவர் சுற்றி ஆடினார். காலத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பாண்டுங்கில் கூடியிருந்தன. ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான்; குற்றம் சாட்டப்பட்ட இரு வெள்ளையரை, முழுவதும் வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழு அடுத்த மாதமே விடுவித்தது. அச்செய்தி உலகெங்கும் பரவியிருந்த வேளையில், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் முன் தன் முகத்தைத் துடைத்துக்கொள்ள அமெரிக்க அரசுக்கு ஒரு கறுப்பின வீராங்கனை தேவைப்பட்டார். உள்நாட்டில் விடுதி அறை மறுக்கப்பட்டவர், வெளிநாட்டில் அந்நாட்டின் சமத்துவத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டார்.

அரசின் நோக்கம் எதுவாயினும், பயணம் கிப்சனுக்குப் பயன்பட்டது. தொடர்ந்து உயர்தரப் போட்டிகளில் ஆடும் வாய்ப்பு அவருக்கு முதன்முறையாகக் கிட்டியது. இந்தியாவில் இருந்தபோது பிரிட்டிஷ் வீராங்கனை ஏஞ்சலா பக்ஸ்டனின் நட்பும் கிடைத்தது. பக்ஸ்டன் யூதர், பிரிட்டனின் டென்னிஸ் கழகங்களில் யூத வெறுப்பை அனுபவித்தவர். ஒதுக்கப்பட்ட இருவர் இணைந்து ஆடத் தொடங்கினர்.

வெற்றியின் மூன்று ஆண்டுகள்

ஏறத்தாழ ஆறடி உயரம், வலுவான சர்வீஸ், வலையருகே விரைந்து வந்து பந்தை முடிக்கும் துணிவு ஆகியவை கிப்சனின் ஆட்டத்தின் இயல்புகள். ஹார்லெம் பயிற்சியாளர் சிட்னி லூவெலின் அவருடைய மட்டைப் பிடியையும் ஆட்ட உத்தியையும் திருத்தியிருந்தார். அதன் பயன் 1956 முதல் தெரிந்தது. அவருடைய முதன்மை வெற்றிகள் வருமாறு:

1956: பிரெஞ்சு ஒற்றையர் (ஏஞ்சலா மார்டிமரை 6-0, 12-10 என வென்றார்), பிரெஞ்சு இரட்டையர், விம்பிள்டன் இரட்டையர் (இரண்டும் பக்ஸ்டனுடன்).

1957: விம்பிள்டன் ஒற்றையர் (டார்லீன் ஹார்டை 6-3, 6-2), அமெரிக்க ஒற்றையர் (லூயிஸ் பிரௌவை 6-3, 6-2), ஆஸ்திரேலிய இரட்டையர் (ஷெர்லி ஃபிரையுடன்), விம்பிள்டன் இரட்டையர் (ஹார்டுடன்), அமெரிக்கக் கலப்பு இரட்டையர் (கர்ட் நீல்சனுடன்).

1958: விம்பிள்டன் ஒற்றையர் (மார்டிமரை 8-6, 6-2), அமெரிக்க ஒற்றையர் (ஹார்டை 3-6, 6-1, 6-2), விம்பிள்டன் இரட்டையர் (மரியா புவேனோவுடன்).

1957 ஜூலையில் விம்பிள்டன் கேடயத்தை எலிசபெத் அரசியின் கையால் பெற்றுத் திரும்பியபோது, நியூயார்க் நகரம் பிராட்வேயில் காகிதத் துண்டுகள் தூவி ஊர்வலம் நடத்தியது. ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்து அச்சிறப்பைப் பெற்ற கறுப்பினத்தவர் அவரே. அடுத்த சில நாள்களில் சிகாகோ அருகே களிமண் தரைப் போட்டியில் ஆடச் சென்றபோது, மைதானத்தை ஒட்டிய விடுதியில் அவருக்கு அறை தரப்படவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று ஃபாரஸ்ட் ஹில்ஸில் பிரௌவை வீழ்த்தினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் மழைக்குப் பின் தம்மைத் தோற்கடித்த அதே பிரௌ. கோப்பையை வழங்கியவர் துணை அதிபர் நிக்சன். அந்த வாரத்தில்தான் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையவிடாமல் படையினரால் தடுக்கப்பட்டிருந்தனர். மறுநாள், செப்டம்பர் 9 அன்று, 1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். கோப்பையும் தடையும் சட்டமும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன.

பட்டம் சோறு போடுமா?

அக்காலத்தில் விம்பிள்டனும் ஃபாரஸ்ட் ஹில்ஸும் தொழில்முறை சாராதோருக்கான போட்டிகள். வென்றவருக்குப் பரிசுப் பணம் இல்லை. பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டும் ஓரளவு கிடைக்கும். இந்த விதியும் பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவானது. சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு அது பெருமை; வாரத்துக்குப் பயிரிட்டவரின் மகளுக்கு அது பட்டினி. உலகின் முதல் நிலை வீராங்கனையாக இருந்த நாள்களிலும் கிப்சனுக்கு நிலையான வருமானம் இல்லை.

1958இல் அமெரிக்கப் பட்டத்தை இரண்டாம் முறை வென்ற கையோடு, 31 வயதில், அந்தப் போட்டிகளிலிருந்து அவர் விலகினார். தன்வரலாறு எழுதினார், பாடி இசைத்தட்டு வெளியிட்டார். ஜான் ஃபோர்டு இயக்கத்தில் 1959இல் வெளிவந்த ‘தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ்’ படத்தில் அடிமைப் பெண்ணாக நடித்தார். திரைக்கதையில் எழுதப்பட்டிருந்த கொச்சையான ‘கறுப்பின’ப் பேச்சைப் பேச மறுத்து, வசனத்தை மாற்றச் செய்தார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் ஆட்டங்களுக்கு முன் கேரல் ஃபேகரோஸுடன் காட்சி டென்னிஸ் ஆடினார். அதில் பணம் கிடைத்தது. பின்னர் தாமே ஏற்பாடு செய்த சுற்றுப்பயணம் நட்டத்தில் முடிந்தது.

விம்பிள்டன் 1968இல்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆண்கள் சாம்பியனுக்கு 2,000 பவுன், பெண்கள் சாம்பியனுக்கு 750 பவுன். கிப்சனுக்கு அப்போது 40 வயது. இனம், பாலினம், வர்க்கம் என்னும் மூன்றும் ஒரே வாழ்வில் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன என்பதைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இந்தப் பத்தாண்டே போதுமான பாடநூல்.

கோல்ஃப் மைதானத்தில் மீண்டும் முதலிலிருந்து

1964இல், 37 வயதில், மகளிர் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் முதல் கறுப்பின உறுப்பினராக அவர் ஆட வந்தார். ஆண்கள் கோல்ஃப் சங்கம் ‘வெள்ளை இனத்தவர் மட்டும்’ என்ற விதியைத் தன் சாசனத்திலிருந்து நீக்கியே மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டென்னிஸில் 1950இல் கண்டதை இங்கு மீண்டும் கண்டார். சில கழகங்கள் மைதானத்தில் ஆட விட்டன, கழகக் கட்டடத்துக்குள் நுழைய விடவில்லை. காலணியைத் தம் காருக்குள் அமர்ந்தே மாற்றிக்கொண்டார். தெற்கில் பல விடுதிகள் அறை தர மறுத்தன. கிப்சனை விலக்கும் போட்டிகளைச் சங்கம் ஏற்காது என்று அதன் நிர்வாகி லென்னி விர்ட்ஸ் நின்றதால் சில கதவுகள் திறந்தன. 1970இல் ஒரு போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டதே அவருடைய உயர்ந்த நிலை. கோல்ஃப் வாழ்வு முழுவதிலும் ஈட்டிய பரிசுப் பணம் 25,000 டாலருக்கும் குறைவு.

சட்டம் நுழையாத இடம்

இவ்வளவும் நடந்த காலத்தில் அமெரிக்கச் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழும். அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தம் சமப் பாதுகாப்பை உறுதியளிக்கிறது. ஆனால் அது அரசின் செயலை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் காட்டும் பாகுபாட்டைத் தீண்டாது என்று 1883இலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. டென்னிஸ் கழகம் தனியார் அமைப்பு. ஆகவே கிப்சன் நீதிமன்றம் சென்று ‘என்னை அழையுங்கள்’ என்று கேட்க வழியில்லை. அவருக்காக மடல் எழுதலாம், பேச்சு நடத்தலாம், மனசாட்சியைத் தட்டலாம். வழக்குத் தொடர முடியாது.

இதன் விளைவைக் காட்டும் நிகழ்வு 1959இல் நடந்தது. கிப்சன் இரு முறை சாம்பியனாக முடிசூடிய ஃபாரஸ்ட் ஹில்ஸின் வெஸ்ட் சைடு டென்னிஸ் கழகம், அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச்சின் மகனை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. கறுப்பினத்தவரையும் யூதர்களையும் சேர்ப்பதில்லை என்று கழகத் தலைவரே அவரிடம் கூறினார். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு தலைவர் பதவி விலகினார். கழகம் மன்னிப்புக் கோரி உறுப்புரிமை அளிக்க முன்வந்தது. பன்ச் அதை மறுத்துவிட்டார். வெற்றிக் கோப்பையை ஏந்திய ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கைதட்டிய கழகம், மறு ஆண்டே ஒரு கறுப்பின இளைஞரை வாசலில் நிறுத்தியது. கிப்சனின் வருகை அக்கழகத்தின் விதிகளில் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்கவில்லை.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விடுதிகள், உணவகங்கள், அரங்குகள் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் உண்மையான தனியார் கழகங்களுக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. 1972இல் ‘மூஸ் லாட்ஜ் எதிர் இர்விஸ்’ வழக்கில், விருந்தினராகச் சென்ற ஒரு கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினருக்கு உணவும் மதுவும் தர மறுத்த கழகம், அரசின் மது உரிமம் பெற்றிருப்பதாலேயே அரசமைப்புக்குக் கட்டுப்பட்டதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பேருந்தில் முன் இருக்கையைச் சட்டம் பெற்றுத் தந்த பிறகும், பதவிகளும் தொழில் உறவுகளும் தீர்மானிக்கப்படும் கழக மேசைகள் சட்டத்துக்கு வெளியே நெடுங்காலம் இருந்தன. விளையாட்டை நடத்தும் அதிகாரம் அத்தகைய மேசைகளில் குவிந்திருந்ததே கிப்சன் எதிர்கொண்ட உண்மையான தடை.

‘பேசாதவர்’ என்ற குற்றச்சாட்டு

கிப்சன் தம்மைப் போராளியாகக் கருதியதில்லை. தாம் ஓர் ஆட்டக்காரர், எவருடைய சார்பாகவும் பேச வரவில்லை என்றே மீண்டும் மீண்டும் கூறினார். கறுப்பின இதழ்கள் சில இதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தன. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனுடன் அவரை ஒப்பிட்டுக் குறை கண்டன.

அவ்விமர்சனத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் லிட்டில் ராக்கும் நடந்த ஆண்டுகளில், உலகறிந்த ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. எனினும் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, அவருடைய ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த அழைப்பைச் சார்ந்திருந்தது. அழைப்பால் உள்ளே வந்தவர் அழைத்தவரை எதிர்த்துப் பேசினால் அடுத்த முறை அழைப்பு வராது. உரிமையால் வந்தவருக்கே அந்த அச்சம் இல்லை. இரண்டாவது, ராபின்சனுக்குச் சம்பளமும் குழுவும் இருந்தன. கிப்சன் தனியர், வருமானமற்றவர், பெண். ஓர் இனத்தின் விடுதலைச் சுமையை ஒரே தோளில் ஏற்றிவிட்டு, அந்தத் தோள் தளர்ந்ததைக் குறை கூறுவதற்கு முன், அந்தத் தோளைத் தாங்க எந்த அமைப்பு இருந்தது என்று கேட்பது முறை. முன்வரிசைக்குச் செல்லும் முதலாமவர்களை இயக்கங்கள் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கும் இதில் செய்தி உண்டு.

அவர் முற்றிலும் ஒதுங்கி வாழ்ந்தவருமல்லர். 1970களில் நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டு ஆணையர் பதவியை ஏற்றார். நாட்டிலேயே அத்தகைய பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். போதிய நிதியும் அதிகாரமும் தரப்படவில்லை என்று ஓராண்டில் விலகினார். 1977இல் மாநில மேலவைத் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நின்று தோற்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுப்பதில் பல ஆண்டுகள் ஈடுபட்டார்.

இறுதிக் காலமும் நினைவுச் சின்னங்களும்

1971இல் பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கில் அவர் பெயர் இடம்பெற்றது. புகழரங்கம் ஓய்வூதியம் தருவதில்லை. 1980களின் இறுதியிலிருந்து மூளை இரத்தக்கசிவும் பக்கவாதமும் அவரை வீழ்த்தின. 1990களின் நடுவில் வாடகைக்கும் மருந்துக்கும் பணமின்றி, ஒருநாள் பழைய தோழி பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பதாகக் கூறினார். பக்ஸ்டன் உடனே பண உதவி செய்ததோடு, அவருடைய நிலையை ஒரு டென்னிஸ் இதழின் வழியாக உலகுக்குத் தெரிவித்தார். பல நாடுகளிலிருந்து பணம் வந்தது. மொத்தம் பத்து லட்சம் டாலரை நெருங்கியது என்பர். 2003 செப்டம்பர் 28 அன்று நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் தம் 76ஆம் வயதில் கிப்சன் காலமானார்.

அவருக்குப் பின் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் இறுதியை எட்டிய அடுத்த கறுப்பின அமெரிக்கர் சீனா காரிசன்; ஆண்டு 1990. அமெரிக்க ஓப்பன் பட்டத்தை செரீனா வில்லியம்ஸ் வென்றது 1999இல்; விம்பிள்டன் பட்டத்தை வீனஸ் வில்லியம்ஸ் வென்றது 2000இல். கிப்சனின் இறுதி வெற்றிகளுக்கும் இவற்றுக்கும் இடையே 40 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கதவு 1950இல் திறந்துவிட்டது என்பது உண்மையானால் இந்த இடைவெளிக்குப் பொருளில்லை. ஒருவர் நுழைவதற்காகத் திறக்கப்பட்டு, அவர் நுழைந்ததும் சாத்தப்பட்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

2019இல் அமெரிக்க ஓப்பன் நடைபெறும் வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2022இல் ஹார்லெமின் 143ஆம் தெருவின் அப்பகுதி அவர் பெயரைப் பெற்றது. 2025இல் அமெரிக்க நாணயச் சாலை அவருடைய உருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சிலையின் முன் நிற்கும் மாணவர், யார் முதலில் நுழைந்தார் என்பதோடு நில்லாமல், வாசலில் அழைப்பிதழை வைத்திருந்தவர் யார், அந்த அதிகாரத்தை அவருக்கு அளித்த விதி எது, அது இன்று எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். தகுதி, மரபு, உறுப்புரிமை, நேர்முகம், பரிந்துரை என்று அதற்குப் பல பெயர்கள் இருக்கக்கூடும். பெயர் எதுவாயினும், மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கவும் முறையிடவும் இடமில்லாத எந்த நுழைவும் சலுகையாகவே நிற்கும். அதை உரிமையாக மாற்றும் வேலை, கிப்சன் ஆடி முடித்த இடத்திலிருந்து தொடங்குகிறது.